சம்மதம் யாருடையது? குடியேற்றச் சட்டங்களும் மலையகத் தமிழரும்

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் புதுடில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இலங்கையில் குடியுரிமையின்றி வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று இரு அரசுகளும் கணக்கிட்டன. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டனர்.

இரு நாடுகளும் மனமொத்துச் செய்த ஒப்பந்தம் என்று இது புகழப்பட்டது. அரசுகளின் சம்மதம் அதில் முழுமையாகவே இருந்தது. எந்த மக்களைப் பற்றிப் பேசப்பட்டதோ, அவர்களின் சம்மதம் மட்டும் கேட்கப்படவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர். அத்தொழிலாளரில் பெரும்பான்மையினர் பறையர், பள்ளர், சக்கிலியர் எனத் தமிழகத்துச் சேரிகளிலிருந்து சென்றவர்களின் வழிவந்தோர்.

குடியேற்றக் கொள்கையின் அறம் குறித்த விவாதங்களில் ‘சம்மதம்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. ‘எங்கள் சம்மதமின்றி எவரும் எங்கள் நாட்டுக்குள் வர முடியாது’ என்கிறது அரசு. ‘நீங்கள் சம்மதித்துத்தானே வந்தீர்கள்’ என்று குடியேறியவரிடம் சொல்கிறது. ‘நீங்கள் சம்மதித்துத்தானே திரும்புகிறீர்கள்’ என்று வெளியேற்றப்படுபவரிடமும் அதையே சொல்கிறது. இம்மூன்று இடங்களிலும் அச்சொல் ஒரே பொருளில் ஆளப்படுகிறதா? மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை வைத்து இக்கேள்வியை ஆராய்கிறது இக்கட்டுரை.

சட்டம் எதைச் சம்மதம் என்கிறது?

சட்ட மாணவர் முதலாண்டிலேயே படிக்கும் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலிருந்து தொடங்கலாம். ஒரே விஷயத்தை ஒரே பொருளில் இருவரும் புரிந்துகொண்டு உடன்படுவதே சம்மதம் என்கிறது அதன் 13-ஆம் பிரிவு. வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, பொய்யான எடுத்துரைப்பு, பிழை ஆகியவற்றால் பெறப்படாததே சுதந்திரமான சம்மதம் என்கிறது 14-ஆம் பிரிவு. ஒருவர் மற்றவரின் விருப்பத்தை ஆட்டுவிக்கும் நிலையில் இருந்து, அந்நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் அடைந்தால் அது தகாத செல்வாக்கு என்கிறது 16-ஆம் பிரிவு.

காலனியச் சட்டமே இவ்வளவு தூரம் சென்றது. அரசமைப்புச் சட்டம் இன்னும் ஓர் அடி முன்வைத்தது. அதன் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பாக 1982-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இப்பிரிவுக்குப் புதிய ஒளி தந்தது. சாட்டையும் சங்கிலியும் மட்டுமே கட்டாயம் ஆகிவிடா. வேறு வழியே இல்லாத வறுமையும் கட்டாயமே. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைக்க ‘ஒப்புக்கொள்கிறார்’ என்றால், பசிதான் அவரை ஒப்புக்கொள்ள வைத்தது என்று நீதிமன்றம் கண்டது. அடிப்படை உரிமைகளை ஒருவர் தாமே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்பதும் 1959 முதல் நிலைபெற்றுவிட்ட கோட்பாடு.

ஆக, சம்மதம் என்பது கைநாட்டு அன்று. மறுக்கும் வழி இருந்ததா, மறுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும், எழுதப்பட்டது அவருக்குப் புரிந்ததா என்று பார்த்த பின்னரே அதைச் சம்மதம் என்று சொல்லலாம்.

கப்பலில் விழித்தெழுந்தவன்

அரசுக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்? ஆளப்படுவோரின் சம்மதமே அரசதிகாரத்தின் ஊற்று என்றார் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக். அப்படியானால், எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாத சாதாரண மனிதர் எப்போது சம்மதித்தார்? ஒரு நாட்டின் எல்லைக்குள் வாழ்வதும், அதன் சாலையில் நடப்பதும்கூட மறைமுகச் சம்மதமே என்பது லாக்கின் விடை.

1748-ல் டேவிட் ஹியூம் இதைத் தகர்த்தார். அயல்மொழி எதுவும் அறியாத, அன்றாடக் கூலியில் வாழும் ஏழை உழவனுக்கு நாட்டைவிட்டு வெளியேறும் சுதந்திரம் உண்மையில் இருக்கிறதா என்று கேட்டார். உறங்கும்போது ஒருவனைத் தூக்கிச் சென்று கப்பலில் ஏற்றிவிட்டார்கள், விழித்தபோது நடுக்கடல். அவன் கப்பலிலேயே இருப்பதால் தலைவனின் ஆட்சிக்குச் சம்மதித்துவிட்டான் எனலாமா? மறுப்பதென்றால் கடலில் குதித்துச் சாக வேண்டுமே!

ஹியூம் ஓர் உவமையாகச் சொன்ன கப்பல் நம் மக்களுக்கு உவமையன்று. அவர்கள் விழித்துக்கொண்டே ஏறினார்கள். ஆயினும் ஹியூமின் கேள்வி அவர்களுக்கும் பொருந்துகிறது.

கங்காணியின் முன்பணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து ஆட்கள் சென்றனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளின் வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களில் பலர் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியாயினர். காப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆள் போதும். வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869-க்குப் பின் இலைநோய் காப்பியை அழித்தது; தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். எனவே குடும்பமாகத் தங்கினர். லயன் அறைகளில் தலைமுறைகள் பிறந்தன.

அவர்களை அழைத்துச் சென்றவர் கங்காணி. முன்பணம் கொடுத்து ஆள் கட்டுவார். அந்தப் பணம், வழிச்செலவு, துணிமணி எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். அந்தக் காகிதத்தில் கடன் தொகை எழுதப்பட்டிருக்கும். புதிய துரை அக்கடனைக் கட்டினால்தான் ஆள் கைமாறுவார். 1865-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலையை விட்டு ஓடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது. வேலையாளைக் காகிதத்தால் கட்டுவதற்கு அடிமை என்ற பெயர் தேவைப்படவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘ஏமாற்றி ஏற்றப்பட்ட அப்பாவிகள்’ என்று மட்டும் நம் முன்னோரைச் சித்திரிப்பது அவர்களுக்கு நாம் செய்யும் இன்னொரு அவமதிப்பு. ஊரில் அவர்களுக்கு என்ன இருந்தது? பண்ணையாள் வாழ்வு. 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைத்தனத்தின் சட்ட அங்கீகாரத்தை நீக்கியபின்னும் படியாளின் கழுத்துக் கயிறு அவிழவில்லை. 1876–78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது தானியம் ஏற்றுமதியானது. மிராசுதாரின் களத்தைவிட்டு அறியாத மலைக்கு நடந்தவர் சாதியின் பிடியிலிருந்து நழுவப் பார்த்தார். அதில் துணிவும் கணக்கும் இருந்தன.

ஆனால் ஊரைவிட்டுப் போக விரும்பியது ஒன்று. போன இடத்தில் விதிக்கப்பட்ட நிபந்தனைகளுக்குச் சம்மதித்தது வேறொன்று. தீப்பற்றிய குடிசையிலிருந்து ஓடிவந்தவர், எதிரே திறந்திருந்த கொட்டடிக்கு வாடகை ஒப்பந்தம் செய்ததாக ஆகிவிடாது. அவர் தப்ப நினைத்த சாதியும் உடன் சென்றது. கங்காணிகளில் பலர் சாதியடுக்கில் மேலிருந்தோர். தொழிலாளரில் பெரும்பாலோர் கீழிருத்தப்பட்டோர். கடன் கொடுத்தவரும், கூலியில் பிடித்தவரும், ஊர் வழக்கைத் தீர்த்தவரும் அந்த ஒரே கங்காணி. ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஒரு சட்டம், ஏழு லட்சம் பேர்

1947 பொதுத் தேர்தலில் மலையக மக்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் தோட்டத் தொழிலாளரின் வாக்கு துணைநின்றது. விடுதலை பெற்ற அதே 1948-ஆம் ஆண்டில் டி. எஸ். சேனநாயக்கவின் அரசு குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பிக்க வேண்டும். லயன் அறையில் பிறந்தவருக்கு எங்கே பிறப்புச் சான்று? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோனது.

1949-ல் பதிவுக் குடியுரிமைக்கென்று இன்னொரு சட்டம் வந்தது. தொடர்ந்து வசித்ததற்கான ஆவணம், வருமானம் எனப் பல நிபந்தனைகள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. 1964 வரை ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர். இப்பறிப்பு அரசமைப்பின் சிறுபான்மைப் பாதுகாப்பை மீறுகிறது என்ற வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் இயல்பான அதிகாரம் என்று 1953-ல் அது தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பில் ஒரு சுழல் இருக்கிறது. யார் மக்கள் என்பதை நாடாளுமன்றம் தீர்மானிக்கும். நாடாளுமன்றத்தை யார் தேர்ந்தெடுப்பது? மக்கள். முந்தைய தேர்தலில் வாக்களித்த ஒரு பகுதியினரை நீக்கிவிட்டு, மீதியிருப்போரின் சம்மதத்தை ‘மக்களின் சம்மதம்’ என்று அழைத்தார்கள்.

எண்கள் சொன்ன பதில்

மலையகத்தார் இலங்கையின் மக்கள், தாமாக இந்தியக் குடியுரிமையை விரும்புவோரை மட்டுமே இந்தியா ஏற்கும் என்பதே நேருவின் நிலைப்பாடு. 1964 மே மாதம் அவர் மறைந்தார். அக்டோபரில் அந்நிலைப்பாடும் மறைந்தது. தோட்டத் தொழிலாளரின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் ஒப்பந்தத்தைக் கண்டித்தார். பயனில்லை.

ஒப்பந்தத்துக்குப் பின்னர் விண்ணப்பப் படிவங்கள் வந்தன. எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதித் தரலாம். மக்களிடம் கேட்டாயிற்றே, இது சம்மதம் இல்லையா என்று தோன்றலாம். அவர்கள் அளித்த பதிலைப் பாருங்கள்: இலங்கையைக் கேட்டவர்கள் அதற்கு ஒதுக்கப்பட்ட 3 லட்சத்தை வெகுவாகத் தாண்டினர், இந்தியாவைக் கேட்டவர்கள் 5,25,000-ஐ எட்டவே இல்லை. சொந்தமாகப் பேசக் கிடைத்த ஒரே வாய்ப்பில் ‘இதுதான் எங்கள் மண்’ என்று சொன்னார்கள். ஆனால் ஒதுக்கீடு முன்பே எழுதப்பட்டிருந்தது. எந்தப் பதில் வந்தாலும் முடிவு மாறாது என்றால், கேள்வி கேட்டதற்குப் பெயர் சடங்கு.

இந்தியா வந்தவர்களுக்கு ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். அவர்களில் பெரும்பாலோர் இலங்கையில் பிறந்தவர்கள். இந்தியாவை அதற்கு முன் கண்டதில்லை. நீலகிரியில் 1968-ல் அவர்களுக்கென அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. பாட்டன் பறித்த அதே கொழுந்தைப் பேத்தி வேறு மலையில் பறித்தாள்.

‘எங்கள் நாடு, எங்கள் விருப்பம்’

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைப் பார்ப்போம். யாருடன் சேர்ந்து வாழ்வது என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. திருமணத்துக்கும் சங்கத்துக்கும் அது பொருந்துமெனில் நாட்டுக்கும் பொருந்தும் என்கிறார் அமெரிக்க மெய்யியலாளர் கிறிஸ்டோபர் வெல்மன். அழைக்கப்படாத விருந்தாளியை வீட்டுக்காரர் மறுக்கலாம் அல்லவா?

இவ்வாதத்தை நாம் முதன்முதலாகக் கேட்கவில்லை. ‘எங்கள் தெருவுக்குள் யார் வரலாம் என்பதை நாங்களே முடிவு செய்வோம்’ என்பது ஊர் சேரியிடம் சொன்ன சொல். வைக்கத்தில் 1924-லும் மகாடில் 1927-லும் போராட்டம் எழுந்தது இச்சொல்லுக்கு எதிராகத்தான். வீட்டின் கதவு வேறு. பொதுக்குளமும் பொதுத்தெருவும் வேறு. ஒருவர் வாழ்வதற்கே தேவையான பொதுப்பொருளை ஒரு கூட்டம் தன் தனிச்சொத்தாக்கி, ‘சேர்வதும் சேராததும் எங்கள் விருப்பம்’ என்று சொல்லும்போது சங்கம் சேரும் உரிமை தீண்டாமையாகத் திரிகிறது. செல்வ நாடுகளின் குடியுரிமை, பிறப்பால் வரும் நிலப்பிரபுத்துவச் சலுகையை ஒத்தது என்று ஜோசப் கேரன்ஸ் 1987-ல் எழுதினார். பிறப்பு ஒருவரின் இடத்தை நிர்ணயிப்பது எத்தகைய அநீதி என்பதைச் சேரியில் பிறந்தவருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆயினும் எல்லா மறுப்பும் ஒன்றல்ல. நிலம் பறிக்கப்பட்ட பழங்குடியினர் வெளியாரைத் தடுப்பது, பலவீனமானவர் தம்மைக் காத்துக்கொள்ளும் செயல். கண்டிச் சிங்கள உழவரின் குறையிலும் உண்மை உண்டு. 1840-ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டம் காடுகளையும் தரிசுகளையும் அரசுடைமையாக்கியது. அவை தோட்டத் துரைகளுக்குப் போயின. அவ்வுழவரின் சம்மதத்தையும் எவரும் கேட்கவில்லை. அநீதி உண்மை, குற்றவாளி வேறு. நிலத்தை எடுத்தவன் வெள்ளைத் துரை. தண்டனை பெற்றவள் கொழுந்து பறித்தவள்.

நாட்டின் எல்லையைக் காக்கும் உரிமையை வலியுறுத்தியவர் மைக்கேல் வால்சர். அவரே ஓர் இடத்தில் உறுதியாக நின்றார். உழைக்க உள்ளே அழைத்துவிட்டு, குடியுரிமை மட்டும் தர மறுக்கும் நாடு கொடுங்கோன்மையே நடத்துகிறது. வேலைக்கு ஆள் வேண்டுமெனில் அவர்களைக் குடிமக்களாக ஏற்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று 1983-ல் எழுதினார். மலையக வழக்கு தொடங்குவது இங்கேதான். ‘உள்ளே வரலாமா’ என்பது அங்கே கேள்வியே அன்று. அவர்கள் அழைக்கப்பட்டார்கள், உழைத்தார்கள், பிறந்தார்கள், புதைக்கப்பட்டார்கள். சம்மதம் கேட்க வேண்டிய காலத்தை அரசுகள் கடத்திவிட்டன. அதன்பின் குடியுரிமை சலுகையன்று, கடன்.

முகாமில் நிற்கும் கேள்வி

1977, 1983 வன்முறைகள் மலையகத்தையும் விட்டுவைக்கவில்லை. தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஒதுங்கியவர்கள், போர் அங்கும் வரவே, படகேறித் தமிழகம் வந்தனர். இவர்களை வரவேற்றது மண்டபம். ஒரு காலத்தில் தோட்டங்களுக்குச் செல்லும் கூலிகளைத் தடுத்துவைத்து மருத்துவச் சோதனை செய்த இடமும் அதே மண்டபம்தான். பாட்டன் போன வாசலில் பேரன் அகதியாக நுழைந்தான்.

முகாம்களில் உள்ளோரில் மலையக வழிவந்தோர் கணிசமானோர். இலங்கை 2003-ல் தன் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் செய்தது. இந்தியாவில் அதே ஆண்டு நிறைவேறிய திருத்தமோ, உரிய ஆவணமின்றி வந்தவரை ‘சட்டவிரோதக் குடியேறி’ ஆக்கி, பதிவின் வழியாகக் குடியுரிமை பெறும் பாதையை அடைத்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப்பின் முகாமில் பிறந்தவருக்கு அது தானாக வாய்ப்பதில்லை. 2019 திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டும் சொல்லி, இலங்கையை விட்டது. 2021-ல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதே; சட்ட நிலை மாறவில்லை.

கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த மலையக வழியினர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில் தீர்ப்பளித்தது. அவர்களின் வேர் இந்த மண்ணில் என்பதை ஏற்று, விதிகளைத் தளர்த்தும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கு உண்டு என்று கூறி, குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க உத்தரவிட்டது. வம்சாவளியைக் காரணம் காட்டி 1964-ல் ஆட்களைக் கேட்டு வாங்கிய அரசு, அதே வம்சாவளியினர் தாமாக வந்து நிற்கும்போது ‘நீங்கள் அந்நியர்’ என்பது எந்த அறத்திலும் சேராது.

திரும்பிப் போகும் சம்மதத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1992-ல் அகதிகளைத் திருப்பி அனுப்பியபோது, கல்வியும் உதவியும் குறைக்கப்பட்டு நெருக்கடி தரப்படுவதாக மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. விருப்பத்தைச் சரிபார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் இருப்பதால், சம்மதம் உண்மையானதா என்று நீதிமன்றம் ஆராயத் தேவையில்லை என்று கூறப்பட்டது. சரிபார்க்க ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதே சம்மதத்துக்குச் சான்றாகிவிட்டது.

ஒரு தாளை நீட்டும்போது

முகாம்களில் பணிபுரியும் தோழர்களும் சட்ட மாணவர்களும், ‘சம்மதக் கடிதம்’ என்று எது நீட்டப்பட்டாலும் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஒன்று: இது கையெழுத்திடுபவரின் மொழியில் எழுதப்பட்டு, படித்துக் காட்டப்பட்டதா?

இரண்டு: மறுத்தால் அரிசி, உதவித்தொகை, பள்ளி, அடையாள அட்டை எதுவும் நிற்காது என்பதற்கு உறுதி உண்டா?

மூன்று: மறுப்பவருக்கு வேறு உண்மையான வழி, குறிப்பாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி, திறந்திருக்கிறதா?

நான்கு: கணவரின் கையெழுத்தே மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் போதும் என்று கொள்ளப்படுகிறதா? அவர்களிடம் தனித்தனியே கேட்கப்பட்டதா?

ஐந்து: பதில் எதுவானாலும் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதா?

இவற்றில் ஒன்றுக்கேனும் நிறைவான விடை இல்லையெனில் அத்தாளை எதிர்க்கலாம், எதிர்க்க வேண்டும். அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகள் ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை. ‘நபர்’ என்றே சொல்கின்றன. முகாமில் இருப்பவரும் நபர்தான்.

துண்டுக் காகிதம், 1949-ஆம் ஆண்டு விண்ணப்பம், 1964-க்குப் பிந்தைய படிவம், முகாமின் திரும்பும் கடிதம் என இந்த மக்களின் கையில் நான்கு தலைமுறையாக யாரோ எழுதிய தாள்களே திணிக்கப்பட்டன. அவர்கள் தாமே எழுதி நீட்டும் ஒரே தாள் குடியுரிமை விண்ணப்பம். அரசின் சம்மதத்துக்காக இப்போது காத்திருப்பது அந்தத் தாள்தான்.